கண்ணில் படாதே, கண்ணை விட்டுப் போகாதே

ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்று சென்னைப் போலீஸ் தெருத் தெருவாக மாட்டியபோது அந்தத் திட்டத்துக்கு ‘மூன்றாவது கண்’ என்று பேர் வைத்தார்கள். நெற்றிக்கண் யாருடையது, அது திறந்தால் யார் எரிவார்கள் என்பதெல்லாம் இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். திருப்புன்கூரில் நந்தனை உள்ளே கூப்பிடாமல், நந்தியைக் கொஞ்சம் விலகச் சொல்லி, அங்கேயே நின்னு பாத்துட்டுப் போ என்றது அந்தச் சாமிதான். தில்லையில் நெருப்புக்குள் இறங்கி வா என்றதும் அதே சாமிதான். அந்தக் கண்ணின் பேரைப் போலீஸ் கேமராவுக்கு வைத்தது ரொம்பப் பொருத்தம் என்றுதான் நான் சொல்லுவேன்.

இப்போது அந்தக் கண்ணுக்கு மூளையும் வைத்துவிட்டார்கள். முன்னெல்லாம் கேமரா பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். திருட்டுப் போனால் ஒரு ஏட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார். இப்போது ஓடுகிற படத்திலிருந்தே மென்பொருள் மூஞ்சியைப் பிடித்துவிடுகிறது. பிடித்த மூஞ்சியை எண்களின் வரிசையாக மாற்றுகிறது. ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் மூஞ்சிகளின் எண்களோடு அதை ஒத்துப் பார்த்து, இவன் அவன்தான் என்று மார்க் போடுகிறது. மூஞ்சி சரியாகத் தெரியவில்லை என்றால் சட்டையின் நிறம், நடை, உடல்வாகு இவற்றை வைத்து ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்கு ஆளைத் தொடர்ந்து போகிற மென்பொருளும் வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் போலீசுக்கான முக அடையாள மென்பொருளை 2021 அக்டோபரில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். செய்து கொடுத்தது மத்திய அரசின் சி-டாக். தெருவில் நிற்கிற காவலரின் கைப்பேசியிலேயே அது வேலை செய்யும்.

அந்தக் கைப்பேசியின் முன்னால் என் அண்ணன் மகன் நின்றிருக்கிறான். கண்ணகி நகரில் இருக்கிறான். ஒரு ஓட்டலில் சப்ளையர். வேலை முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு வண்டியில் திரும்பும்போது நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ் இருந்தது, ஆர்.சி. இருந்தது, குடிக்கவில்லை.

“எந்த ஏரியாடா?”

“கண்ணகி நகர் சார்.”

“ஹெல்மெட்டக் கழட்டு. இங்க பாரு.”

அவ்வளவுதான். போட்டோ எடுத்தார்கள், திரையைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். அவனுக்கு முன்னால் நிறுத்திய வண்டிக்காரன் வேறொரு நகரின் பேரைச் சொல்லியிருக்கிறான். அவனிடம் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவில்லை. “எதுக்குச் சித்தப்பா எடுத்தாங்க? அந்தப் போட்டோ இப்ப எங்க இருக்கும்?” என்று என்னைக் கேட்டான். முதல் கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான், ஏரியா பேரைச் சொன்னபோதே. நகரத்துக்குள்ளிருந்த குடிசைகளைப் பிடுங்கி எங்கள் சனத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டி, அதற்குக் கண்ணகி என்று பேரும் வைத்தவர்கள், அந்தப் பேரையே சாதிச் சான்றிதழாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரை.

2020 பிப்ரவரி டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு, மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் அமித் ஷா பேசினார். முக அடையாள மென்பொருளை வைத்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் கண்டுபிடித்துவிட்டோம் என்றார். மென்பொருளுக்கு மதம் தெரியாது, உடை தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும் என்ற பொருளில் சமாதானமும் சொன்னார். நம்ம ஊரிலும் இதே பாட்டுத்தான். மெஷினுக்கு ஏதுங்க சாதி? கம்ப்யூட்டர் தம்ளர் வைத்துப் பார்க்குமா? கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. படித்த நம்ம பையன்களே சிலர் இதை நம்புகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மெஷின் தனியாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. அது ஒத்துப் பார்க்கிறது. எதோடு ஒத்துப் பார்க்கிறது? ஸ்டேசனில் இருக்கிற படங்களோடு. அந்தப் படங்கள் எப்படி வந்தன? கைது செய்தவன், சந்தேகத்தில் கூட்டிவந்தவன், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கப்பட்டவன், சரித்திரப் பதிவேட்டில் பேர் ஏறியவன், இவர்களை நிற்கவைத்து எடுத்தது. யாரைக் கூட்டி வரணும் என்று முடிவு செய்தது மெஷின் இல்லை. ஏட்டு, எஸ்.ஐ., ஊர்ப் பெரிய மனுசனின் ஒரு போன். ஊரில் மோட்டார் காணாமல் போனால் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்கு வரும் என்பதை நான் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019ஆம் வருஷத்துச் சிறைக் கணக்குப்படி, தண்டனைக் கைதிகளில் 21.7 சதவீதமும் விசாரணைக் கைதிகளில் 21 சதவீதமும் தலித்துகள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் 16.6 சதவீதம்தான். இந்தக் கணக்கைப் படமாக்கி மெஷினுக்குள் போட்டால் அதற்குச் சாதி தெரியாமல் எப்படிப் போகும்? சாதி என்ற சொல் மட்டும்தான் அதற்குத் தெரியாது.

அந்தப் பதிவேட்டின் வயதும் கொஞ்சநஞ்சமில்லை. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அதைத் திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். குறவர் தொடங்கிப் பல சாதிகளை, கைக்குழந்தை முதற்கொண்டு, பிறக்கும்போதே குற்றவாளி என்று எழுதினான். கைரேகை வைக்கணும், ராத்திரி போலீஸ் கண் முன்னால் படுக்கணும், வெளியூர் போக சீட்டு வாங்கணும். மூஞ்சியைப் பிடிக்கிற மென்பொருளுக்குத் தாத்தா இந்தக் கைரேகைப் பதிவேடு. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை வைக்கமாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றைக்கு நம்ம தெருவுக்குள் அரிவாளோடு வருகிறவர்களில் அவர்களுடைய பேரன்மார்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அந்தச் சாவு நியாயமான சாவு என்று எழுத என் பேனா வராது. ரேகை கேட்டவனை எதிர்த்து நின்றார்கள், நின்றதற்குச் செத்தார்கள். அந்த நினைவை வைத்துக்கொண்டு இன்றைக்கு அவர்கள் கேமராவைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1947இல் மதராசிலும் 1952இல் நாடு முழுக்கவும் அந்தச் சட்டம் போனது. பரம்பரைக் குற்றவாளி என்ற பேரை எடுத்துவிட்டு, 1948லேயே வழக்கமான குற்றவாளி என்று வேறு பேரில் இங்கே சட்டம் போட்டுக்கொண்டார்கள். சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரித்ததையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிபோல் எழுதிவைத்திருந்ததையும் செல்லாது என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2024 அக்டோபர் 3 வரை ஆகியிருக்கிறது. அதுவும் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் வழக்குப் போட்டதால். இடையில் 2022இல் குற்றவியல் நடைமுறை (அடையாளங்காணல்) சட்டம் வந்தது. கைது செய்யப்பட்டவரின் விரல் ரேகை, உள்ளங்கை, கண்மணி, விழித்திரை, போட்டோ எல்லாவற்றையும் எடுக்கலாம், 75 வருஷம் வைத்துக்கொள்ளலாம். இருபது வயசில் சாலை மறியலில் பிடிபட்ட பையனுக்குத் தொண்ணூற்றைந்து வயசாகும்வரை. முந்தி தண்டனை வாங்காதவர் விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அழித்தேன் என்று ஸ்டேசனிலிருந்து உங்களில் யாருக்காவது கடிதாசு வந்திருக்கிறதா?

மார்க் போடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். மென்பொருள் ஆமாம், இல்லை என்று சொல்வதில்லை. இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்கிறது. எத்தனைக்கு மேல் போனால் குற்றவாளி என்று மனுசன்தான் கோடு கிழிக்கிறான். டெல்லிப் போலீஸ் 80 சதவீதத்தில் கிழித்து வைத்திருப்பதாகத் தகவல் உரிமைச் சட்டப் பதிலில் 2022இல் சொன்னது. எண்பதுக்குக் கீழே வந்தால் விட்டுவிடுவார்களா என்றால் அதுவுமில்லை. மேற்கொண்டு விசாரித்துப் பார்ப்பார்களாம். ஆக பாஸானாலும் விசாரணை, ஃபெயிலானாலும் விசாரணை. இதே டெல்லிப் போலீஸ் 2018இல், காணாமல் போன குழந்தைகளைத் தேடிய வழக்கில், மென்பொருள் 2 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறது என்று உயர் நீதிமன்றத்தில் கையை விரித்தது. அடுத்த வருஷம் மத்திய அமைச்சகம் அது 1 சதவீதம்கூடத் தேறவில்லை, ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றது. தொலைந்த பிள்ளையைத் தேடும்போது தடுமாறிய அதே மாதிரிச் சாமான், ஆளைப் பிடிக்கும்போது மட்டும் கெட்டிக்காரச் சாமானாகிவிட்டது.

நான் சொல்லவந்த முக்கியமான விசயம் இனிமேல்தான். பார்வை என்பதே இந்த நாட்டில் சாதியின் சொத்து. யார் பார்க்கலாம், யார் பார்க்கப்படலாம், யார் கண்ணில் படவே கூடாது என்று வகுத்துவைத்த சமூகம் இது. தொட்டால் தீட்டு, அண்டினால் தீட்டு என்பதோடு நில்லாமல் பார்த்தாலே தீட்டு என்றும் வைத்திருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் நமக்கும் துணி வெளுத்த புதிரை வண்ணார்கள் பகலில் வெளியே வரக்கூடாது, ராத்திரியில்தான் வெளுக்கணும், விடிவதற்குள் வீடு திரும்பணும் என்று இருந்ததெல்லாம் 1930களில் அச்சிலேயே பதிவாகியிருக்கிறது. (அந்தத் தீட்டில் நமக்கும் பங்கு உண்டு, அதைத் தனியாக எழுதணும்.) ராத்திரியில் வா, மூஞ்சியைக் காட்டாதே என்று சொன்ன அதே அதிகாரம்தான் இன்று ஹெல்மெட்டக் கழட்டு, மூஞ்சியைக் காட்டு என்கிறது. இரண்டிலும் நம்ம மூஞ்சி நம்மிடம் இல்லை. எப்போது மறைக்கணும், எப்போது காட்டணும் என்பதை அவன் சொல்கிறான்.

தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் எல்லாரும் பூக்கோ எழுதினோம். பெந்தாம் வரைந்த வட்டச் சிறை, நடுவில் கோபுரம், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் கைதி தன்னைத்தானே கண்காணித்துக்கொள்வான் என்று பக்கம் பக்கமாகப் போட்டோம். படிக்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் கோபுரமே தேவைப்படவில்லை. ஊர்த்தெரு முனை டீக்கடை பெஞ்சு போதும். அதில் யாரும் உட்காராத மத்தியான வெயிலிலும் எங்கப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். பிரான்சுக்காரன் கோபுரம் கட்டிச் செய்ததைக் காலி பெஞ்சை வைத்தே சாதித்தவர்கள் நம்மாட்கள். அந்த பெஞ்சின் இடத்தில்தான் இப்போது கம்பம் நட்டுக் கேமரா மாட்டுகிறார்கள். ஊர்த்தலைவர், வணிகர் சங்கம் நன்கொடை என்று கம்பத்தில் பேரும் எழுதியிருக்கிறது. அந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் அது காலனி போகிற பாதையைப் பார்க்கிறது.

போலீசோடு முடிந்தால் பரவாயில்லை. வேலை கொடுக்கிறவனும் இதே சாமானைப் பிடித்துக்கொண்டான். சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் என்று பல நகராட்சிகளில் துப்புரவுத் தொழிலாளிகளின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். மனிதத் திறன் கண்காணிப்பு முறை என்று அதற்குப் பேர். குறித்த எல்லையைத் தாண்டினால் எங்கோ ஒரு அறையில் திரையில் தெரியும், சம்பளம் பிடிப்பான். கடிகாரத்தில் கேமராவும் மைக்கும் இருந்ததால் கக்கூசுக்குப் போகவே பயமாயிருக்கிறது என்று சண்டிகர்ப் பெண்கள் 2020வாக்கில் சொன்னார்கள். மாவட்ட ஆட்சியர் கையில் அதைக் கட்டுவார்களா? மேயர் கையில்? பொறியாளர் கையில்? குப்பை அள்ளுகிற கையில் மட்டும்தான் கட்டுவார்கள். ஏனென்றால் அந்தக் கை யாருடைய கை என்று அவர்களுக்குத் தெரியும்.

என் அக்கா வடமாவட்டத்தில் ஒரு ஊரில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஊர்ப் பேரும் ஒப்பந்தக்காரர் பேரும் எழுதினால் அவளுக்கு வேலை போய்விடும். விடிகாலை ஐந்தரை மணிக்கு வார்டு ஆபீஸ் வாசலில் மூஞ்சியைக் காட்டி வருகைப் பதிவு செய்யணும். மழைக்காலத்தில் ஒருநாள் இருட்டில் மூஞ்சி சேரவில்லை. முகத்தைத் துடைத்துப் பார்த்தாள், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துப் பார்த்தாள், மூக்குத்தியைக்கூடக் கழற்றிப் பார்த்தாளாம். மேஸ்திரி “சேரலம்மா, நான் என்னா பண்றது” என்றுவிட்டான். அன்றைக்கும் தெருவைக் கூட்டினாள், கூலி வரவில்லை. என்னிடம் சொன்னாள்: “இருவத்தாறு வருசமா அதே மூணு தெரு, தம்பி. அந்தத் தெருவுல ஒரு வூட்டுக்காரங்களுக்கும் எம்மூஞ்சி தெரியாது. குப்பக்காரம்மாதான். மிசினுக்காவது தெரியும்னு பாத்தேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரி பழைய நோட்டில் ஆப்சென்ட் போட்டிருந்தால் அவனோடு சண்டை போடலாம். சங்கத்தில் சொல்லலாம், நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்கலாம், நான் வந்ததை இந்த அம்மா பார்த்தாங்க என்று சாட்சி சொல்லலாம். மெஷினோடு எப்படிச் சண்டை போடுவது? சாட்சியே எடுபடாது. கண்ணெதிரே நிற்கிற பெண்ணைப் பார்த்து நீ வரவில்லை என்று சொல்ல ஒரு மனுசனுக்குக் கூச்சமாயிருக்கும். அந்தக் கூச்சத்தை எடுத்துவிடத்தான் மெஷின்.

நூறுநாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் கட்டாயம் என்று கைப்பேசி வருகைப் பதிவு வந்தது. காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிழவிகளெல்லாம் சிக்னல் தேடி மேடேறினார்கள். 2025 ஜூலையில் அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்களும் போட்டோவை எடுத்த போட்டோவும் ஏற்றப்படுகின்றன என்று ஒத்துக்கொண்டது. திருடுகிறவன் திருடிக்கொண்டுதான் இருந்தான், வெயிலில் நின்றது எங்க ஆயாதான். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். பயோமெட்ரிக் சரிபார்ப்பு மட்டும் பத்திரமாகப் புதுச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும் கர்ப்பிணிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் முக அடையாளம் கட்டாயம் என்றார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு மாவு வாங்க ஒருத்தி கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டணும்.

அதேநேரம் கேமரா இல்லாத இடம் எது என்று பாருங்கள். 2019லிருந்து 2023 வரை சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் 377 பேர் செத்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 1993லிருந்து எண்ணினால் இந்தச் சாவில் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம், சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த வேலை செய்கிறவர்கள் என்று அரசு அடையாளம் கண்ட சுமார் 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர் என்று 2024இல் வந்த கணக்கு. கையில் கட்டிய கடிகாரம் அவன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று சொல்லும். குழிக்குள் விஷவாயு இருக்கிறது, இறங்காதே என்று சொல்ல ஒரு மணிகூட அடிக்காது.

இந்த இடத்தில் நம்ம தோழர்களே என்னை மறிப்பார்கள். உடுமலை சங்கரை 2016 மார்ச் 13ஆம் தேதி பட்டப்பகலில் வெட்டியதைக் கேமரா காட்டாமல் போயிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? கோகுல்ராஜைக் கூட்டிப்போனதைத் திருச்செங்கோட்டு மலைக்கோயில் கேமரா பிடிக்காமல் போயிருந்தால்? சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போகக்கூடாது.

கோகுல்ராஜ் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் 23ஆம் தேதி, கூடப்படித்த கவுண்டர் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தான் என்பதற்காகக் கடத்திப்போய், அடுத்த நாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். கோயில் கேமராவில் எல்லாரும் இருந்தார்கள். வழக்கை விசாரித்த தலித் பெண் அதிகாரி, டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா, அந்த செப்டம்பரிலேயே செத்துப்போனார். விசாரணையில் அந்தத் தோழி பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அவரை மறுபடி கூப்பிட்டு, படத்தை ஓட்டிக்காட்டி, இது யாரம்மா என்று கேட்டார்கள். அது நான் இல்லை என்றார். தன் மூஞ்சியைத் தானே தனக்குத் தெரியாது என்று ஒரு பெண் சொல்லவேண்டி வந்தது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அப்படிச் சொல்ல வைத்தது எது என்பதுதான் கேள்வி. எந்த மென்பொருளும் நொடியில் பொருத்திக் காட்டியிருக்கும் மூஞ்சி அது. சாதியின் பயம் அந்த மூஞ்சியை அழித்துவிட்டது. அந்த வழக்கில் 2022 மார்ச்சில் தண்டனை வந்ததும், 2023 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் அது நின்றதும் கேமராவின் தயவில் மட்டும் இல்லை. கோகுல்ராஜின் தாய் ஓயவில்லை, வழக்கறிஞர் ப.பா. மோகன் விடவில்லை, பதிவு உண்மையானதுதான் என்று ஒவ்வொரு படியிலும் போராடி நிறுத்தினார்கள். கேமரா சாட்சியாக இருந்தது. சாட்சியைப் பேசவைக்க மனுசன் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரண்டு வழக்கிலும் தேவைப்பட்டது நடந்ததைப் பதிவு செய்த சாதாரணக் கேமரா. கொன்றவர்களைத் தேட முக அடையாள மென்பொருள் தேவைப்படவில்லை, அவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே பேட்டி கொடுத்தார். ஒரு குற்றம் நடந்த இடத்தைப் பார்ப்பது வேறு. குற்றமே செய்யாதவன் எங்கே போனான், யாரோடு நின்றான், எந்தப் பந்தலில் உட்கார்ந்தான் என்று தெருத் தெருவாகத் தொடர்வது வேறு. 2019 டிசம்பரில் டெல்லியில் பிரதமர் கூட்டத்துக்கு வந்தவர்களை, போராட்டங்களில் எடுத்த படங்களோடு ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். கலவரத்துக்குப் பிறகு ஓட்டுநர் உரிமப் படங்களையும் வாக்காளர் அட்டைப் படங்களையும் மென்பொருளுக்குள் போட்டோம் என்று அமித் ஷாவே அவையில் சொன்னார். ஓட்டுப்போட எடுத்த போட்டோ போலீஸ் போட்டோவாகிவிட்டது.

கேமராவை நாம் கேட்ட ஒரு இடம் உண்டு. ஸ்டேசனுக்குள். எல்லாக் காவல் நிலையத்திலும் லாக்கப், வராந்தா, வாசல் எல்லாவற்றிலும் ஒலியோடு பதிகிற கேமரா வைக்கவேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்கவேண்டும் என்று 2020 டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பனையும் மகனையும் அடித்த ராத்திரியில் ஸ்டேசனில் கேமரா இருந்தது. தினமும் தானாக அழிந்துவிடுகிற மாதிரி அமைத்துவைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எழுதினார். ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டிய அளவு இருந்ததாம். 2025 செப்டம்பரில் ஸ்டேசன் கேமராக்கள் வேலை செய்யாததை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. உத்தரவு போட்டு ஐந்து வருஷம் ஆகப்போகிற நேரத்தில். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியைப் போலீசார் அடித்துக் கொன்ற சம்பவத்தில் வெளியே வந்த படம் ஒருத்தர் ஒளிந்திருந்து கைப்பேசியில் எடுத்தது. தெருவில் போகிறவன் மூஞ்சியை நொடியில் பிடிக்கிற காவல்துறைக்குத் தன் வராந்தாவில் ஒரு கேமராவை ஓடவைக்கத் தெரியவில்லை என்றால் நம்ப நான் தயாரில்லை.

மேல்நாட்டில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், மூஞ்சியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருட்களைச் சோதித்தார்கள். வெள்ளை ஆண்களில் தப்பு 0.8 சதவீதம் வரை. கறுத்த பெண்களில் 34.7 சதவீதம் வரை. டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பரை மெஷின் சொன்னது என்று மனைவி மக்கள் முன்னால் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். திருடியது அவரில்லை. இதைப் படித்துவிட்டு நம்ம ஆட்களில் சிலர், இந்திய முகங்களை, கறுத்த முகங்களை நிறையப் போட்டுப் பழக்கினால் சரியாகிவிடும் என்று கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கு இது பிடிபடவே இல்லை. தப்பாகச் சொல்வது ஒரு ஆபத்து, மறுக்கவில்லை. நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னால்? என் அண்ணன் மகனை எந்தத் தெருவில் பார்த்தாலும் தவறாமல் அடையாளம் காட்டும். அதுவா நாம் கேட்பது? நம்மைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத வலையை இழை நெருக்கிப் பின்னிக் கொடுங்கள் என்று மீனே மனுப் போடுவதா?

2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சேர்த்த தகவலையாவது பூட்டி வைக்கிறார்களா? தமிழ்நாட்டுப் போலீசின் அந்த முக அடையாள வலைவாசலுக்குள் யாரோ புகுந்து தகவலை எடுத்துவிட்டார்கள் என்று 2024 மே மாதம் செய்தி வந்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல் போய்விட்டது என்று காவல்துறையும் ஒத்துக்கொண்டது. ஐதராபாத்தில் எஸ்.க்யூ. மசூத் என்பவர், போலீசார் வழியில் நிறுத்தித் தன்னைப் போட்டோ எடுத்ததை எதிர்த்துத் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனி ஆளாகப் போனார். நாம் இத்தனை அமைப்பு, இத்தனை கொடி வைத்திருக்கிறோம். நம்ம மாநாட்டுத் தீர்மானங்களில் இதைப் பற்றி ஒரு வரி நான் பார்க்கவில்லை.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் மாவட்ட எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முக அடையாள மென்பொருளில் நம் மாவட்டத்திலிருந்து ஏற்றிய படங்கள் எத்தனை, அதில் தண்டனை பெற்றவர் எத்தனை, வெறும் சந்தேகத்தில் எடுத்தது எத்தனை, பட்டியல் சாதியினர் எத்தனை, விடுதலையானபின் அழித்தது எத்தனை, எத்தனை சதவீதம் சேர்ந்தால் ஆளைப் பிடிக்கிறீர்கள், தெருவில் போகிறவரை நிறுத்திப் போட்டோ எடுக்க எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, ஸ்டேசன் கேமராக்களில் இன்றைய தேதியில் ஓடுவது எத்தனை என்று கேளுங்கள். யாருடைய பேரையும் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பேர் கேட்டால் தனிநபர் தகவல் என்று தட்டிவிட இப்போது அவர்களுக்கு வசதி கூடியிருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வரணும். எழுதச் சிரமப்படுகிறவர்கள் பத்திரிகை முகவரிக்கு ஒரு அட்டை போட்டால் நானே எழுதி அனுப்புகிறேன். வருகிற பதிலை, மறுப்பாக இருந்தாலும், நகலெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். மாவட்டவாரியாகப் போடுவோம்.